ஒன்பதால் வகுத்தால் மீதி ஏழு

எங்கள் வயர்லெஸ் நிலையத்தில் இப்போது பேசும் செட்டு வைத்துவிட்டார்கள். மோர்ஸ் கீயைத் தட்டி எண்களை அனுப்பிய காலம் முடிந்தது. போன வாரம் அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, "அண்ணே, வாயால பேசுறப்பவும் எதுக்கு இந்தப் பதினொண்ணு கணக்கு? சுவத்துல எழுதி வச்சிருக்கு. யாரு வச்ச சட்டம்னு ஒருத்தருக்கும் தெரியல" என்று கேட்டார்கள். எனக்குக் காது மந்தம். அதனால்தான் வயதுக்கு முன்பே ஓய்வு கொடுத்தார்கள். அவர்கள் கேட்டதில் பாதி விழுந்தது, மிச்சத்தை என் மகள் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். எழுதிவிட்டு, "எங்களுக்கும் சொல்லுங்கப்பா" என்றாள்.

அவளுக்கும் அவள் தம்பிக்கும், அவர்களோடு வந்து உட்காரும் பக்கத்து குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். கணக்கில் பிழை இருந்தால் உங்கள் டீச்சரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நல்லபடியாக முடிகிற கதை இல்லை.

மதராசில் தட்டப் பழகியதும், கப்பலில் குடலைக் கக்கிக்கொண்டு அந்தமான் வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் உள்ள கதைதான், அதை விடுகிறேன். நான் சேர்ந்தது காடு வெட்டும் கான்டிராக்டர் ஒருவரின் நிலையம். போர்ட் பிளேரில் சாத்தம் மரமில்லின் சங்கு கேட்கிற தூரத்தில், மேட்டின் மேல் ஒரு தகரக் கொட்டகை. அவருடைய லாஞ்சுகள், அதாவது எஞ்சின் படகுகள், தெற்கே அரிசியும் ஆட்களும் கொண்டுபோகும். லிட்டில் அந்தமானில் குடியேற்றத்துக்காகக் காடு வெட்டத் தொடங்கியிருந்த சமயம் அது. லாஞ்சுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டு வைப்பதுதான் எங்கள் வேலை.

கடலில் தெரு இல்லை, கதவு எண் இல்லை. ஒரு படகின் இடத்தைச் சொல்ல எட்டு இலக்கம் வேண்டும். முதல் நான்கும் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு என்று சொல்லும். முதலில் டிகிரி, பிறகு மினிட். பின் நான்கும் அதே மாதிரி கிழக்கே எவ்வளவு என்று சொல்லும். வடக்கு தெற்காக ஒரு மினிட் என்றால் ஒரு கடல் மைல். இந்த எட்டையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, கோடிக் கணக்கில் ஒரே முழு எண்ணாக அனுப்புவோம். அப்படிச் சேர்க்கச் சொன்னவர் எங்கள் தலைமை ஆபரேட்டர் தேவசகாயம் சார்.

அவர் திருச்செந்தூர்ப் பக்கம். கடற்படையில் சிக்னல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். செய்தி வாங்கும்போது உட்காரவே மாட்டார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இரண்டு முனையும் சீவிய பென்சிலோடு மேஜைக்குமேல் குனிந்து நிற்பார். ஒரு முனை உடைந்தால் பென்சிலைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். எந்த எண்ணைப் பார்த்தாலும் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்த மீதியைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. ரேஷன் கார்டு எண், லாரி எண் எதையும் விடமாட்டார். எங்களைக்கூட வேலை எண்ணின் மீதியால்தான் கூப்பிடுவார். நான் மீதி எட்டு. என்னோடு சேர்ந்த சண்முகத்தின் எண் ஒன்பதால் மிச்சமில்லாமல் வகுபடும்.

"ஏலே மீதி எட்டு, அந்த மீதி ஒண்ணுமில்லாதவன் எங்கல?"

"நான் சுத்தமானவன் சார், ஒண்ணும் மிச்சம் வைக்க மாட்டேன்" என்பான் சண்முகம்.

"மிச்சம் வைக்காதது எனக்குத் தெரியும்வே. மெஸ்ஸுல சோத்துப் பானையப் பாத்தேன்."

அந்த ஒன்பதில்தான் எங்கள் வேலையின் உயிர் இருந்தது. மழைக்காலத்தில் செட்டில் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். மோர்ஸில் நான்கு என்பது நாலு புள்ளி ஒரு கோடு. அந்தக் கோடு இரைச்சலில் தேய்ந்து புள்ளியாகக் கேட்டால் நான்கு ஐந்தாகிவிடும். இதற்குத் தேவசகாயம் சார் ஒரு காவல் வைத்தார். கடல் வரைபடத்தைப் பார்த்து எண்ணைக் கணிக்கிறவர் அதை ஒன்பதால் வகுத்து மீதியையும் எழுதித் தர வேண்டும். தட்டுகிறவன் இரண்டையும் அனுப்ப வேண்டும். வாங்குகிறவன் தன் காதில் விழுந்த எண்ணை வகுத்துப் பார்க்க வேண்டும். மீதி ஒத்துப்போனால் எண் சரி.

வகுப்பது சுலபம், பிள்ளைகளே. பத்திலிருந்து ஒன்பதை எடுத்தால் ஒன்று மிஞ்சும். நூறிலிருந்து தொண்ணூற்றொன்பதை எடுத்தாலும் ஒன்றுதான் மிஞ்சும். ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் அப்படியே. ஆகவே இலக்கங்களைக் கூட்டினால் போதும், கூட்டி வந்ததை மறுபடி கூட்டினால் மீதி வந்துவிடும்.

ஒரு தடவை பாறையில் மோதி நின்ற ஒரு லாஞ்சின் எண்ணில் நான்கு ஐந்தாக வந்துவிட்டது. மீதி ஒத்துப்போகவில்லை. திரும்பக் கேட்டோம், சரியான எண் வந்தது, இருட்டுவதற்குள் ஆட்களை ஏற்றிவிட்டோம். அன்றைக்கு அவர் எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தந்து, "ஒம்போது காப்பாத்திட்டுவே" என்று அந்திவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அதில் ஒரு ஓட்டை இருப்பதையும் அவரே கண்டுபிடித்தார். பூஜ்யம் ஒன்பதாகவோ ஒன்பது பூஜ்யமாகவோ மாறினால் மீதி மாறாது. அதனால் ஒன்பதை மட்டும் எப்போதும் இரண்டு முறை தட்டச் சொன்னார். ஓட்டையை அடைத்துவிட்டோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அதோடு இன்னொரு சட்டமும் இருந்தது. லாஞ்சுகளில் இருந்த பேட்டரிகள் பழையவை. கேட்பதற்குக் கொஞ்சம் மின்சாரம் போதும், அனுப்புவதற்குத்தான் நிறைய வேண்டும். அதனால் மீதி ஒத்துப்போனால் திரும்பச் சொல்லும்படி கேட்கக் கூடாது. படகில் இருப்பவனும் நாங்கள் கேட்டால் ஒழியத் தட்டக் கூடாது.

தென்மேற்கு மழை பிடித்திருந்த ஒரு பிற்பகல். தெற்கே போன லாஞ்ச் ஒன்றின் அழைப்பு வந்தது. அதில் நாலு பேர். லாஞ்சை ஓட்டும் சாரங்கு காதர் பாய் கீழக்கரைக்காரர், வயதானவர். அந்தப் பயணத்தில் தட்டப் போனவன் எங்கள் சண்முகம். மற்ற இருவரும் கயிறு இழுக்கும் கலாசிகள், தெலுங்குக்காரர்கள். எஞ்சின் நின்றுவிட்டது, காற்று தள்ளிக்கொண்டு போகிறது, குடிதண்ணீர் இரண்டு நாளைக்கு இருக்கிறது என்று செய்தி. பிறகு எண் வந்தது. நானும் தேவசகாயம் சாரும் ஆளுக்கொரு ஹெட்ஃபோனில் கேட்டோம். இரைச்சல் அவ்வளவாக இல்லை. இருவர் தாளிலும் ஒரே எண் இருந்தது.

1,14,09,316. மீதி ஏழு என்று முடித்திருந்தான்.

கூட்டினேன். ஒன்று, ஒன்று, நான்கு, பூஜ்யம், ஒன்பது, மூன்று, ஒன்று, ஆறு. இருபத்தைந்து. இரண்டும் ஐந்தும் ஏழு. ஒத்துப்போயிற்று.

அவர் படத்தில் வைத்துப் பார்த்தார். பதினொரு டிகிரி நாற்பது மினிட். போர்ட் பிளேருக்கு நேர் கிழக்கே, ராத்திரி புறப்பட்டால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம்.

"இவ்வளவு பக்கத்திலயா சார்? தெக்கேல்லா போனாங்க" என்றேன்.

"காத்து வடகிழக்கால தள்ளுதுல்லா. நல்லதுக்குத்தான் தள்ளியிருக்கு."

என் கை தானாகக் கீயின் மேல் போயிற்று. அவர் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார்.

"மீதி ஏழு. சரியா இருக்கு. திருப்பிக் கேட்டு பேட்டரியக் கொன்னுராத. நாளைக்கி கப்பல் கிட்டப் போகும்போது அவன் பேசணும்லா."

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் அந்த நேரத்துக்கு அது நியாயம்தான்.

தேடுகிற கப்பலுக்கு எண் போயிற்று. நான் சாத்தத்திலிருந்து ஃபெரி ஏறி எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் சண்முகத்தின் மனைவி பாக்கியத்திடம் போய்ச் சொன்னேன். பக்கத்தில்தான் இருக்கிறார்கள், நாளைக்கு வந்துவிடுவார்கள் என்றேன். அவள் முகம் தெளிந்தது.

"வரட்டும்ணே. மீனு தின்னு மீனு தின்னு நாறிப்போயிருப்பாரு. வாசல்லயே நிக்க வச்சு ரெண்டு வாளி ஊத்திட்டுத்தான் உள்ள விடணும்."

மறுநாள் கப்பல் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றும் இல்லை. நாங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம். பதில் இல்லை. காற்று வடகிழக்கே தள்ளுகிறது என்பதால் கப்பலும் வடகிழக்கே தேடிக்கொண்டு போயிற்று. தெற்கே பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எண்ணை யாருமே சந்தேகப்படவில்லை. மீதிதான் ஒத்துப்போயிற்றே.

பாக்கியம் தினமும் முதல் ஃபெரியில் வந்து கொட்டகை வாசலில் உட்காருவாள். யாரையும் எதுவும் கேட்க மாட்டாள். ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். தேவசகாயம் சார் அவளைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவார்.

ஒரு வாரம் போல் ஆயிற்று. ரங்கூன் பக்கமிருந்து வந்த ஒரு சரக்குக் கப்பல், வெகுதூரம் கிழக்கே லாஞ்சைக் கண்டது. சாரங்கும் ஒரு கலாசியும் உயிரோடு இருந்தார்கள். சண்முகமும் இன்னொரு கலாசியும் இல்லை. முதலில் அந்தக் கலாசி, மறுநாள் சண்முகம். தண்ணீர் இல்லாமல். இருவர் உடலையும் கடலிலேயே விட்டுவிட்டார்கள்.

காதர் பாயை ஆஸ்பத்திரியில் பார்த்தோம். உதடு வெடித்து, பேச்சு மெல்ல வந்தது.

"ஏன் வரல நீங்க?" என்றார்.

தேவசகாயம் சார் எண்ணைச் சொன்னார். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நாப்பது இல்லங்க. ஜீரோ நாலு. பதினொண்ணு, ஜீரோ நாலு. மலை கண்ணுல படுறப்பவே கோடு போட்டுக் கணிச்சது. மீதி ஏழுன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன். புள்ள ஒரு கையில வாளியப் புடிச்சு வாந்தி எடுத்துக்கிட்டு, மறு கையால அடிச்சான். மாத்தி அடிச்சிட்டான் போல."

"பெறகு பேட்டரி?"

"இருந்துச்சு. பொழுது சாயுற வரைக்கும் இருந்துச்சு. நீங்க திருப்பிக் கேப்பீங்கன்னு காதுல மாட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம்தான் பெரிய அலை ஒண்ணு செட்டைப் பெட்டியோட அடிச்சிட்டுப் போயிருச்சு."

கொட்டகைக்குத் திரும்பியதும் அவர் இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். நீங்களும் எழுதுங்கள்.

1,14,09,316
1,10,49,316

கீழே இருப்பதுதான் உண்மை. ஒரு கோடியே பத்து லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. கூட்டிப் பாருங்கள். இருபத்தைந்து, மீதி ஏழு. கூட்டலில் நான்கு முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன. நாற்பதாயிரமாக இருக்க வேண்டிய நான்கு, ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்து நாலு லட்சமாகிவிட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். அது ஒன்பது நாற்பதாயிரம். எந்த எண்ணில் எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றினாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டே தீரும். ஆகவே மீதி அசையாது. ஒன்பதுக்கு இலக்கங்கள்தான் தெரியும், அவை நிற்கும் இடம் தெரியாது. கடலில் அந்த இடமாற்றம் முப்பத்தாறு மைல்.

அவர் வெகுநேரம் நின்றபடியே அந்தத் தாளைப் பார்த்தார். "இரைச்சலு எலக்கத்த மாத்தும். எடத்த மாத்தாது. எடத்த மாத்துறது மனுசன் கை. நான் கடலுக்குக் காவல் வச்சேன், கைக்கு வைக்கல" என்றார். பிறகு உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த சில நாட்கள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாலும் பதிமூன்றாலும் எதாலெல்லாமோ வகுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் பதினொன்றுக்கு வந்தார். பத்து என்பது பதினொன்றுக்கு ஒன்று குறைவு. நூறு, தொண்ணூற்றொன்பதுக்கு ஒன்று அதிகம். ஆயிரம் மறுபடி ஒன்று குறைவு. இப்படிக் குறைவும் அதிகமும் மாறி மாறி வரும். அதனால் வலப்பக்கத்திலிருந்து தொடங்கி, ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, மறுபடி கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் பதினொன்றால் வகுத்த மீதி வரும். உண்மையான எண்ணுக்கு அது மூன்று. மாறிப்போன எண்ணுக்குக் கழித்தல் ஐந்து வரும், பதினொன்றைச் சேர்த்தால் ஆறு. மூன்று எங்கே, ஆறு எங்கே. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினால் பதினொன்று காட்டிக்கொடுத்துவிடும். பூஜ்யம் ஒன்பதானாலும் காட்டிக்கொடுக்கும்.

சுவரில் எழுதியது அவர்தான். பதினொன்றால் வகுத்துப் பார், ஒத்துப்போனாலும் ஒரு முறை திரும்பக் கேள். பதினொன்றுக்கும் ஓட்டை உண்டு, ஓரிடம் விட்டு மாறினால் அதுவும் ஏமாறும். அதனால்தான் இரண்டாவது வரி. வாயால் பேசினாலும் கை எழுதத்தானே செய்கிறது. அந்த இரண்டு பேருக்கும் இதுதான் பதில்.

இதற்குள் பஜாரில் பேச்சு பரவிவிட்டது. சண்முகம் நம்பரை மாற்றி அடித்து ஆளைக் கொன்றுவிட்டான் என்று. கான்டிராக்டர் ஆபீஸும் ஆபரேட்டரின் தவறு என்று முடித்துவிட்டது. செத்த கலாசியின் அண்ணன் அப்பாராவ் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் சுமை தூக்குகிறவர். தினமும் பாக்கியத்தின் வீட்டு முன்னால் வந்து, "தேரே ஆத்மி நே மேரே பாயீ கோ மாரா" என்று கத்திவிட்டுப் போவார். உன் புருஷன்தான் என் தம்பியைக் கொன்றான் என்று. அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். தண்ணீர் பிடிக்கும் குழாயடியிலும் பெண்கள் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை.

"வாலே, போவோம்" என்றார் தேவசகாயம் சார். ஃபெரி ஏறினோம்.

பாக்கியம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார். கரித்துண்டு வாங்கி, சிமெண்டுத் தரையில் இரண்டு எண்களையும் எழுதினார். அவள் மூன்றாவதுவரை படித்தவள். கூட்டச் சொன்னார். விரல்விட்டுக் கூட்டினாள்.

"ரெண்டும் இருபத்தஞ்சுதான் வருது சார்."

"ஆமா தாயி. ஒம் புருசன் கை பெசகிட்டு. எல்லாரு கையும் பெசகும். அதப் புடிக்கத்தான் நான் காவல் வச்சேன். அந்தக் காவலுக்குக் கண்ணு இல்ல. அது என் தப்பு, அவன் தப்பு இல்ல."

அவள் தரையையே பார்த்தாள்.

"திருப்பிக் கேட்டிருந்தா?"

"சரியாச் சொல்லியிருப்பான்."

"எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அரை நிமிசம்."

"அதுக்கு பேட்டரி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றார்.

"கேக்க வேணாம்னு யாரு சொன்னது?"

"நான்தான்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து கதவைத் திறந்து வைத்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லி என்ன சார் ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே அவரைப் பத்தி. ஜெட்டியில போய்ச் சொல்லுங்க. தமிழ்ல வேணாம். ஹிந்தியில சொல்லுங்க, எல்லாருக்கும் புரியட்டும்."

அவர் போனார். அது வேலை விட்டு ஆட்கள் ஃபெரியில் வந்து இறங்குகிற நேரம். வங்காளிகள், மலையாளிகள், தெலுங்கர்கள், நம் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அவருடைய ஹிந்தி கடற்படை ஹிந்தி, ஆணையிடத்தான் வரும். அதை வைத்துக்கொண்டு, ஒரு மூட்டையின் பக்கத்தில் நின்று சொன்னார். லாஞ்சுக்காரன் கை தவறியது உண்மை, அதைப் பிடிக்க வேண்டிய என் கணக்கு குருடு, திரும்பக் கேட்காதே என்று சொன்னதும் நான்தான் என்று. கணக்கைச் சொல்ல முயன்றார். யாருக்கும் புரியவில்லை. திரும்பக் கேட்காதே என்று சொன்னது நான்தான் என்ற வாக்கியம் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

அப்பாராவ் சுமையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தார். "ஃபிர் பூச்சா க்யூன் நஹீன்?" என்றார். பிறகு ஏன் கேட்கவில்லை?

தேவசகாயம் சார் பக்கத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னேன், சண்முகம் பொழுது சாயும்வரை காதில் மாட்டிக்கொண்டு எங்கள் கேள்விக்காகக் காத்திருந்தான் என்று.

அப்பாராவ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். எங்களைத் தாண்டி நேரே பாக்கியத்தின் வீட்டுக்கு நடந்தார். கூட்டம் பின்னாலேயே போயிற்று. அவள் திறந்த கதவில் நின்றுகொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றார். தினமும் கத்திய இடம்தான். மூச்சு வாங்கியது.

பாக்கியம் உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடியே நின்றார். வெகுநேரம் நின்றார். குடிக்கவில்லை.